சங்கிலியைக் கணக்கில் பிடித்தவர்கள்

கரும்பை வெட்டினால் போட்டுவைக்கக் கூடாது, உடனே ஆலைக்கு ஏற்றிவிட வேண்டும். மறையூர், காந்தல்லூர் பக்கம் மட்டுமல்ல, வெல்லம் காய்ச்சுகிற எல்லா ஊருக்கும் இது பொதுவிதி. தாமதித்தால் சாறு கொழகொழத்துவிடும். கொப்பரையில் எவ்வளவு கிண்டினாலும் பாகு பதத்துக்கு வராமல் இழுக்கும். வெட்டுவாய் வழியாகப் புகும் லியூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா செய்கிற வேலை அது. சாற்றிலுள்ள சர்க்கரையை உடைத்து, அதிலிருந்து குளுக்கோஸை மட்டும் எடுத்து, ஒன்றோடொன்று கோத்து நீளமான சங்கிலியாக்கிவிடுகிறது அந்தப் பாக்டீரியா. அந்தச் சங்கிலிக்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயர். சாற்றில் அது கொஞ்சம் கலந்தாலே போதும், சாறு தடித்துவிடும். சர்க்கரைப் படிகங்களும் திரளாமல் ஊசியாக நீளும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது மறையூர். இங்கிருந்து பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதியில் சேர்கிறது. மறையூரை உள்ளடக்கிய அஞ்சுநாட்டின் பேச்சும் தமிழ்தான், சந்தைக்கு இறங்குவதும் உடுமலைப்பேட்டைப் பக்கம்தான். இங்கே கையால் பிடிக்கிற உருண்டை வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொப்பரை ஓரம் நின்று பதம் பார்க்கிறவர் பாகு ஒழுகும் விதத்தைக் கண்ணால் பார்த்தே இறக்கச் சொல்லிவிடுவார். ஏன் அது அப்படி ஒழுகுகிறது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஒரு பெரிய தொழில் கடந்த எழுபது ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் கணினி சிமுலேஷன்.

தண்ணீரை எப்படிக் கலக்கினாலும் அதன் பிசுக்கு மாறுவதில்லை. சங்கிலி மூலக்கூறுகள் கலந்த திரவம் அப்படி இல்லை. மெல்ல ஊற்றினால் ஒரு மாதிரி, வேகமாகக் கலக்கினால் இன்னொரு மாதிரி ஓடும். இழுத்து விட்டால் கொஞ்சம் சுருங்கித் திரும்பும். சுவர்ப் பெயிண்ட், ஷாம்பு, ரத்தம், உருக்கிய பிளாஸ்டிக் எல்லாம் இந்த வகை. சிக்கலான திரவங்கள் என்று இவற்றைத் தனியாக வைத்துத்தான் ஆராய்கிறார்கள். உள்ளே ஒரு சங்கிலி எப்படி வளைகிறது, பக்கத்துச் சங்கிலியை எப்படித் தாண்டுகிறது என்பதைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. அதனால் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். சங்கிலிக்கும் கரைப்பானுக்கும் விதிகள் கொடுத்து, கணினிக்குள் அவற்றை அசையவிட்டு, வெளியே பிசுக்கு என்ன ஆகிறது என்று அளக்கிறார்கள்.

இந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் வழக்கமாக அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் தொடங்குவார்கள். அது நியாயம்தான். ஆனால் அதன் அடித்தளக் கற்களில் இரண்டு தென்னிந்தியர் கை வைத்தவை. ஒன்று சென்னை கிண்டியில் வைக்கப்பட்டது. இன்னொன்றை வைத்தவர் ஹைதராபாத்தில் பிறந்தவர். கிண்டியில் நடந்ததைப் புரதத்தின் கதையாக மட்டுமே நம் பாடப்புத்தகங்கள் சொல்லிவருகின்றன. பாலிமர்களின் வரலாற்றிலும் அதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

பாலிமர் என்பது நீளச் சங்கிலி மூலக்கூறு என்பதையே 1920 வரை வேதியியலார் ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன மூலக்கூறுகள் திரண்டு ஒட்டிக்கொண்டவை என்றே நினைத்தார்கள். ஹெர்மன் ஸ்டாடிங்கர் அந்த ஆண்டு எழுதிய கட்டுரையோடுதான் எண்ணம் மாறத் தொடங்கியது. அவருக்கு நோபல் பரிசு வர 1953 ஆயிற்று. சங்கிலி என்று ஒப்புக்கொண்டதும் அடுத்த கேள்வி, அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பது. 10,000 கண்ணிகள் உள்ள சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் தன் போக்கில் திரும்பினால், அதன் இரு முனைகளுக்கும் இடையே சராசரியாக 100 கண்ணி நீளம்தான் இருக்கும். அதாவது 10,000இன் வர்க்கமூலம். ஆனால் நிஜச் சங்கிலி தன்னையே ஊடுருவிப் போக முடியாது. ஒரு கண்ணி இருக்கும் இடத்தில் இன்னொன்று உட்கார முடியாது. இந்த ஒரே தடையைச் சேர்த்தால் சங்கிலி விரிகிறது. அமெரிக்க வேதியியலாளர் பால் ஃபுளோரி 1949இல் காட்டிய கணக்குப்படி வர்க்கமூலத்துக்குப் பதிலாக 0.6 அடுக்கு போட வேண்டும். 100 ஆக இருந்தது ஏறத்தாழ 250 ஆகிவிடும்.

சங்கிலியின் வடிவத்தைப் பெரும்பாலும் அந்த ஒரு தடைதான் முடிவு செய்கிறது. கிண்டியில் நடந்ததும் அதே தடையின் கதை.

எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். தந்தை அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்து, சி.வி. ராமனிடம் இயற்பியலுக்கு மாறிக்கொண்டவர். கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பியபின், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை இயற்பியல் துறைத் தலைவராகக் கூப்பிட்டது. அப்போது அவருக்கு வயது முப்பதுதான். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அதே ஆண்டு சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

கொலாஜன் என்றால் தோல். மாட்டுத்தோலைப் பதப்படுத்தும்போது மிஞ்சி நிற்கிற நார் முழுக்க அதுதான். ஆவாரம்பட்டையின் சாயம் போய்ப் பிடிப்பதும் அந்த நாரைத்தான். வாணியம்பாடியும் ஆம்பூரும் அதை வைத்துப் பிழைத்த ஊர்கள். சென்னையில் அதற்கென்றே 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அது பக்கத்து வாசல். சுறாத்துடுப்பிலிருந்து எடுத்த கொலாஜன் முதலில் அங்கிருந்து கிடைத்தது. பின்னால் ஆஸ்திரேலியாவிலிருந்து கங்காருவின் வால் தசைநாரும் வந்தது. எக்ஸ்ரே படம் எடுத்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் நேச்சர் இதழில் தங்கள் விடையைச் சொன்னார்கள்: மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய அமைப்பு. அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்றும் சேர்ந்து மறுபடி ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்வதாகக் காட்டினார்கள்.

உடனே எதிர்ப்பு வந்தது. 1955இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் அமைப்பை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலி முறுக்கு சரிதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சென்னை அமைப்பில் சில அணுக்கள் நெருங்கக்கூடாத தூரத்துக்கு நெருங்கியிருப்பதாகவும், மூன்று கண்ணிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்க வழியில்லை, ஒன்றுக்குத்தான் இடமுண்டு என்றும் சொன்னார்கள்.

இந்த இடத்தில் ராமச்சந்திரன் செய்ததுதான் அவருடைய பெருமையில் பெரிய பங்கு. கோபப்பட்டுப் பதில் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று யார், எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வியைக் கையிலெடுத்தார். அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளைப் புரட்டி, பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் நிஜத்தில் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று அவருடைய குழு பட்டியல் எடுத்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லைகள் வகுத்தார்கள். வழக்கமாக இதற்குமேல் நெருங்காது என்பது ஒன்று. எப்படி நெருக்கினாலும் இதைத் தாண்டாது என்பது இன்னொன்று. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 1.9. ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.4, கடைசி எல்லை 2.2. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

பட்டியல் கைக்கு வந்ததும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். இந்தச் சங்கிலி எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், எப்படியெல்லாம் இருக்கவே முடியாது என்று பார்த்துவிடலாமே?

புரதச் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி இரண்டே இரண்டு இடங்களில்தான் தாராளமாகத் திருப்ப முடியும். அந்த இரண்டு திருப்புக் கோணங்களையும் இன்று ஃபை, சை என்கிறார்கள். ஒன்றைக் கிடைமட்ட அச்சிலும் மற்றதைச் செங்குத்து அச்சிலும் வைத்தால், சங்கிலியின் ஒவ்வொரு நிலையும் தாளில் ஒரு புள்ளி. 10 பாகைக்கு ஒரு புள்ளி என்று எடுத்தால் 36 பெருக்கல் 36, அதாவது 1,296 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு பக்கத்து அணுக்களின் ஆயங்களைக் கண்டுபிடித்து, ஜோடி ஜோடியாக இரண்டு டஜனுக்கு மேல் தூரங்களை அளந்து, பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒரு ஜோடி எல்லை மீறினாலும் அந்தப் புள்ளியை அடித்துவிட வேண்டும். இன்று ஒரு மாணவரின் மடிக்கணினி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும் கணக்கு இது. அன்று மேசைக் கணிப்பானை வைத்துக்கொண்டு சி. ராமகிருஷ்ணன் என்ற ஆய்வு மாணவர் உட்கார்ந்து போட்டார்.

கணக்கு முடிந்தபோது தாளின் பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. சங்கிலிக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் சில தீவுகளாக ஒதுங்கின. லைனஸ் பாலிங் 1951இல் சொன்ன ஆல்ஃபா சுருள் ஒரு தீவில் விழுந்தது. விரித்த தாள் வடிவங்களும் கொலாஜனும் இன்னொரு தீவில் விழுந்தன. ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் ஜர்னல் ஆஃப் மாலிக்குலர் பயாலஜி இதழில் எழுதிய கட்டுரை ஐந்தே பக்கம். இன்றைக்கு உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று பார்க்க முதலில் வைத்துப் பார்ப்பது அந்தத் தாளில்தான். ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் இல்லை. கைவலிக்க அந்தத் தூரங்களை அளந்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர்களின் கடமை.

இது சிமுலேஷனா என்று ஒருவர் கேட்கலாம். வரைபடத்தில் நேரம் இல்லை, வெப்பநிலை இல்லை, ஆற்றல்கூட இல்லை. முடியும், முடியாது என்ற இரண்டு பதில்கள் மட்டுமே. ஆனால் 1953இல் லாஸ் அலமோஸில் மானியாக் என்ற கணினியில் நடந்த புகழ்பெற்ற மாண்டே கார்லோ கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 224 வட்டத் தகடுகளை ஒரு சதுரத்துக்குள் போட்டு, குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். நகர்ந்த தகடு இன்னொன்றின்மேல் ஏறினால் அந்த நகர்வு செல்லாது, ஏறாவிட்டால் செல்லும். விதி அவ்வளவுதான். நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ் பெயரால் வழங்கும் அந்த முறையின் நிரலை எழுதியவர் அரியானா ரோசன்புளூத் என்ற பெண். இரண்டு ஆண்டு கழித்து அவரும் கணவர் மார்ஷலும் அதே யோசனையைப் பாலிமர் சங்கிலிக்குக் கொண்டுபோனார்கள்; தன்னைத் தானே வெட்டாமல் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வளர்ப்பது எப்படி என்று 1955இல் எழுதினார்கள். மானியாக்கில் தகடுகளுக்கு வைத்த விதியும் கிண்டியில் அணுக்களுக்கு வைத்த விதியும் ஒன்றே. அவர்களிடம் கணினி இருந்தது. சென்னையில் இருந்தது கவனமாகத் தொகுத்த தூரப் பட்டியல். நிஜ மூலக்கூறைப் பிடிக்க அந்தப் பட்டியல் தேவைப்பட்டது.

இரண்டாவது கல்லை வைத்தவர் அனீசுர் ரஹ்மான். 1927இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, பெல்ஜியத்தின் லூவனில் முனைவர் பட்டம் பெற்று, ஊர் திரும்பி உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இருந்துவிட்டு, 1960இல் சிகாகோ அருகே ஆர்கோன் தேசிய ஆய்வகத்துக்குப் போனார். அங்கே சிடிசி 3600 என்ற கணினி இருந்தது. (அதே ரகக் கணினி ஒன்று 1964இல் பம்பாய் நிறுவனத்துக்கும் வந்து சேர்ந்தது.)

ரஹ்மான் எடுத்துக்கொண்டது திரவ ஆர்கான். அதில் சங்கிலியும் இல்லை, வேதிப்பிணைப்பும் இல்லை. இருப்பதில் எளிய திரவம் அது. 864 ஆர்கான் அணுக்களைக் கணினிக்குள் ஒரு கனசதுரப் பெட்டியில் போட்டார். பெட்டியின் பக்கம் 35 ஆங்ஸ்ட்ராம்கூட இல்லை. இவ்வளவு சின்னப் பெட்டியில் பாதி அணுக்கள் சுவரை ஒட்டித்தான் நிற்கும், அப்புறம் அது திரவமாக நடந்துகொள்ளாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: வலச் சுவர் வழியாக வெளியேறுகிற அணு அதே வேகத்தில் இடச் சுவர் வழியாக உள்ளே வந்துவிடும். சுவரே இல்லாத பெட்டி அது. 864 அணுக்களுக்குள் 3,72,816 ஜோடிகள். அவற்றில் கிட்ட நிற்கிற ஜோடிகள் ஒவ்வொன்றுக்கும் இழுப்பையும் தள்ளலையும் கணக்கிட்டு, ஒவ்வோர் அணுவையும் நியூட்டனின் விதிப்படி ஒரு சின்ன அடி நகர்த்தி, மறுபடி கணக்கிட வேண்டும். அந்தச் சின்ன அடி ஒரு விநாடியில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு.

1964இல் பிசிக்கல் ரிவியூ இதழில் வந்த அந்தக் கட்டுரைக்கு அவர் ஒருவரே ஆசிரியர். கணினிக்குள் ஓடிய ஆர்கான், பாட்டிலில் இருந்த ஆர்கானோடு ஒத்துப்போனது. அணுக்கள் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்ற கணக்கும் ஆய்வகத்தில் அளந்ததற்கு அருகில் நின்றது. பெர்னி ஆல்டரும் தாமஸ் வெய்ன்ரைட்டும் 1950களின் கடைசியிலேயே மோதித் தெறிக்கும் கெட்டி உருண்டைகளை வைத்து இதே பாதையில் நடந்திருந்தார்கள். ஆனால் நிஜப் பொருளின் பெயரைச் சொல்லி, அதன் உண்மையான விசையைக் கொடுத்து, அளந்த எண்ணோடு மோதவிட்டவர் ரஹ்மான். 1971இல் ஃபிராங்க் ஸ்டில்லிங்கரோடு சேர்ந்து 216 மூலக்கூறுகளை வைத்துத் தண்ணீரையும் கணினிக்குள் கொண்டுவந்தார். 1987இல் அவர் இறந்தபின், கணினி இயற்பியலுக்கான அமெரிக்க இயற்பியல் கழகத்தின் பரிசுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

சென்னைக்குத் திரும்பலாம். கிண்டியில் போட்ட கணக்கு புரதத்தோடு நிற்கவில்லை. கோண வரைபடத்தைச் சர்க்கரைச் சங்கிலிகளுக்கும் போட முடியும் என்று வி.எஸ்.ஆர். ராவ் கண்டார். கரும்புச் சக்கையில் இருக்கும் செல்லுலோஸ், மாவுப்பொருளில் இருக்கும் அமிலோஸ் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள்தான். குளுக்கோஸும் குளுக்கோஸும் கோத்துக்கொள்ளும் இடத்தில் திரும்பும் கோணம் மாறுவதால் ஒன்று விறைத்த நாராகிறது, இன்னொன்று சுருண்டு கஞ்சியாகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1967 ஜனவரியில் உயிரியல் பாலிமர்களின் வடிவம் பற்றி ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தியது. அமிலோஸின் வடிவம் பற்றி ராவ், பி.ஆர். சுந்தரராஜன், ராமகிருஷ்ணன், ராமச்சந்திரன் நால்வரும் எழுதிய கட்டுரை அதன் தொகுப்பில் உண்டு.

அதே சுந்தரராஜன் பின்னால் போய்ச் சேர்ந்தது ஃபுளோரியிடம். இருவரும் 1974இல் எழுதிய கட்டுரை அக்ரிலிக் கண்ணாடி என்று கடையில் விற்கும் பிளாஸ்டிக்கின் சங்கிலியைப் பற்றியது. ஃபுளோரி அதற்கு முன்பே, 1965இல், டேவிட் பிராண்ட் என்பவரோடு சேர்ந்து, புரதக் கண்ணியின் கோண வரைபடத்தில் ஆற்றலையும் சேர்த்து, அதிலிருந்து முழுச் சங்கிலியின் அளவைக் கணக்கிட்டிருந்தார். கண்ணியின் வரைபடம் தெரிந்தால் சங்கிலியின் பருமன் தெரியும் என்ற வழி அப்படித்தான் பாலிமர் வேதியியலுக்குள் வந்தது. 1974லேயே ஃபுளோரிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ராமச்சந்திரனுக்குக் கிடைக்கவில்லை. அவர் 1970களின் தொடக்கத்தில் பெங்களூர் போய் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். சசிசேகரன், ராமகிருஷ்ணன், ராவ் ஆகியோரும் அங்கே சேர்ந்தார்கள். கிண்டியில் பதினைந்து, இருபது ஆண்டு திரண்ட கைப்பக்குவம் ஊர் மாறியதில் சென்னைக்குப் பெரிய இழப்பு.

கணினிகள் பெருகப் பெருக ஆசையும் பெருகியது. 1977இல் ஹார்வர்டில் மார்ட்டின் கார்ப்லஸ் குழு, 58 கண்ணிகள் கொண்ட ஒரு சின்னப் புரதத்தை ரஹ்மான் முறையில் அசையவிட்டது. ஓட்டியது 9.2 பிக்கோவிநாடி, அதாவது ஒரு விநாடியில் லட்சம் கோடியில் 9.2 பங்கு. பாலிமர்காரர்களுக்கு இது யானைப்பசிக்குச் சோளப்பொரி. உருக்கிய பிளாஸ்டிக்கில் ஒரு சங்கிலி தன் அண்டை அயலை விட்டு வெளியேற மைக்ரோவிநாடிகள், சில சமயம் முழு விநாடிகளே ஆகும். ஒவ்வோர் அணுவாகக் கணக்கிட்டால் எந்தக் காலத்திலும் போய்ச் சேர முடியாது.

அதனால் விட்டுவிடக் கற்றுக்கொண்டார்கள். எந்த விவரம் இல்லாவிட்டாலும் விடை மாறாது என்று தெரிந்து அதைத் தூக்கிப் போடுவதுதான் இந்தத் தொழிலின் உச்சத் திறமை. 1990இல் ஜெர்மனியின் குர்ட் கிரெமரும் அமெரிக்காவின் கேரி கிரெஸ்ட்டும் சங்கிலியின் வேதியியலையே கழற்றி வைத்தார்கள். மிஞ்சியது மணிகளும் அவற்றை இணைக்கும் வில்சுருள்களும். மணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, வில் ஓர் அளவுக்குமேல் நீளக்கூடாது. இந்த இரண்டு விதியும் சேர்ந்தால் ஒரு சங்கிலி இன்னொன்றை ஊடறுத்துப் போக வழியே இல்லை. அதிகபட்சம் 400 மணிகள் கொண்ட சங்கிலிகளைப் பெட்டி நிறையப் போட்டு ஓட்டினார்கள். தட்டில் பிழிந்த இடியாப்பத்தில் ஒரு நூலை உருவ முயல்கிறவருக்கு என்ன நேருமோ அதுவே அந்தச் சங்கிலிகளுக்கும் நேர்ந்தது. பக்கவாட்டில் அசைய முடியவில்லை. தன் நீளத்தின் வழியே முன்னும் பின்னும் நழுவித்தான் வெளியேற முடிந்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் கில் தெ ஜென் 1971இல் காகிதத்தில் சொன்னதும் இதைத்தான். ஏறத்தாழ 35 மணிகளுக்கு ஒரு முறை சங்கிலி சிக்கிக்கொள்கிறது என்ற எண்ணும் கையில் வந்தது.

கரைப்பானையும் சேர்த்து ஓட்ட வேண்டியவர்களுக்கு வேறு தந்திரம் தேவைப்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஹூகர்பிரூக்கும் குல்மனும் 1992இல் அதைச் செய்தார்கள். பல மூலக்கூறுகளின் திரளை ஒரே மெத்தென்ற உருண்டையாக எடுத்துக்கொண்டு, உருண்டைகளுக்குள் கொஞ்சம் தள்ளல், கொஞ்சம் உராய்வு, கொஞ்சம் குருட்டாம்போக்கான உதைப்பு மூன்றையும் வைத்தார்கள். மூன்றும் ஜோடிக்கு ஜோடி சமமாகவும் எதிராகவும் இருப்பதால் உந்தம் காக்கப்படுகிறது. திரவம் திரவமாகவே ஓடுகிறது. சோப்பு, பெயிண்ட், எண்ணெய்க் கலவை செய்கிற நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

இந்த முறை தெற்கே வந்து வேரூன்றிய இடங்களில் சென்னை ஐஐடி ஒன்று. அங்கே இயற்பியல் துறையில் இருந்த பி.பி. சுனில் குமார், முகமது லராட்ஜியோடு சேர்ந்து 2004இல் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். உயிரணுவின் தோல் இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன படலம். இரண்டு வகைக் கொழுப்பைக் கலந்து அப்படி ஒரு குமிழ் செய்தால், எண்ணெயும் நீரும் பிரிவதைப்போல ஒரே வகை ஒன்றாகச் சேர்ந்து திட்டுகளாக வளரும். திட்டு எவ்வளவு வேகமாக வளர்கிறது, படலம் வெளியே புடைக்கும்போது அந்த வேகம் எப்படி மாறுகிறது என்று அவர்கள் கரைப்பானோடு சேர்த்தே ஓட்டிப் பார்த்தார்கள். 2015இல் பாலக்காட்டில் ஐஐடி தொடங்கியபோது வழிகாட்டி நிறுவனமாக நின்றது சென்னை ஐஐடி. பாலக்காட்டின் முதல் இயக்குநராக 2017இல் வந்தவர் இதே சுனில் குமார்தான். வாளையாற்றுக்கு அந்தப்பக்கம் இன்று சங்கிலிகளையும் படலங்களையும் கணக்குப் போடப் படிக்கிற பிள்ளைகளில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளிநாடு போனவர்களில் எம். முத்துக்குமாரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பாலிமர் துறைப் பேராசிரியர். ஒரு நீளச் சங்கிலி தன்னைவிட மிகச் சின்னத் துளை வழியே எப்படி நுழைகிறது என்பது அவர் பல ஆண்டு பிடித்துக்கொண்டிருந்த கேள்வி. சுருண்டு கிடக்கும் சங்கிலிக்குக் கோடி வடிவங்கள். துளைக்குள் நுழைய அவற்றை எல்லாம் கைவிட்டு நேராக வேண்டும். அந்த இழப்பே ஒரு தடையாக நிற்கிறது. டிஎன்ஏ இழையை நுண்துளை வழியாக இழுத்து எழுத்தெழுத்தாகப் படிக்கும் கருவிகள் சந்தைக்கு வந்துவிட்ட இந்நாளில் அந்தக் கணக்கின் அருமை எல்லோருக்கும் புரியும்.

சர்க்கரைப் பாகும் கணினிக்குள் போயிருக்கிறது. 2004இல் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் வலேரியா மொலினேரோவும் வில்லியம் கோடார்டும் ஒவ்வொரு குளுக்கோஸ் கண்ணியையும் மூன்றே மணிகளாக எடுத்துக்கொண்டு, அதோடு தண்ணீரையும் சேர்த்து ஒரு மாதிரி அமைத்தார்கள். தண்ணீர் குறையக் குறைய, இறுகிப்போன பாகுக்குள் மிஞ்சிய நீர் எப்படித் தாவித் தாவி நகர்கிறது என்று அதை வைத்துப் பார்த்தார்கள். ஆனால் நிஜக் கொப்பரையில் சர்க்கரையும் நீரும் மட்டும் இல்லை. சுண்ணாம்பு சேர்த்ததும் திரண்டு மேலே வரும் அழுக்கில் புரதம் இருக்கிறது, பிசின் இருக்கிறது, மாவு இருக்கிறது. கரும்பு காத்திருந்தால் டெக்ஸ்ட்ரானும் இருக்கிறது. வெந்துகொண்டிருக்கும் இந்தக் கலவை முழுவதையும் அணு மட்டத்திலிருந்து எழுப்பிப் பதம் சொல்கிற அளவுக்கு இந்தத் தொழில் இன்னும் வளரவில்லை.

கொலாஜன் வழக்கு என்ன ஆயிற்று? ராமச்சந்திரன் தன் இரண்டாவது ஹைட்ரஜன் பிணைப்பை விடவில்லை. 1968இல் ஆர். சந்திரசேகரனோடு சேர்ந்து ஒரு வழி சொன்னார்: சங்கிலியும் சங்கிலியும் நேரே கைகோக்க இடமில்லாத இடத்தில் நடுவே ஒரு நீர் மூலக்கூறு நின்று இரண்டையும் இணைக்கலாம். 1994இல் அமெரிக்காவில் ஹெலன் பெர்மன் குழுவினர் கொலாஜனைப் போன்ற ஒரு சின்னப் புரத இழையைப் படிகமாக்கி 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் பார்த்தார்கள். மூன்று கண்ணிக்கு ஒரு நேரடிப் பிணைப்புதான் இருந்தது. ரிச்சும் கிரிக்கும் சொன்ன கணக்கு சரி. கூடவே, மூன்று சங்கிலிகளைச் சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் பாலம் பாலமாகக் கோத்து நின்றன. ரஹ்மான் தொடங்கிவைத்த முறையில் அந்த இழையைத் தண்ணீருக்குள் ஓட்டி, ஒரு கண்ணியை மாற்றினால் முறுக்கு எங்கே தளர்கிறது, தோலைப் பதமாக்கும் பொருள்கள் அதில் எங்கே போய் ஒட்டுகின்றன என்று 2000களில் கணக்கிட்டவர்களில், ராமச்சந்திரனுக்கு முதல் கொலாஜனைக் கொடுத்த அந்தப் பக்கத்து வாசல் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்களும் உண்டு.